ஊட்டி மலைப்பாதையில் பெட்ரோல் எங்கே போகிறது?

மேட்டுப்பாளையத்தில் பாக்கு மரங்கள் வரிசையாக நிற்க, எதிரே நீலகிரி சுவர்போல எழுந்து நிற்கும். ஊட்டிக்குப் போகும் கார்களில் பலவும் இந்த ஊரில்தான் டேங்கை நிரப்பிக்கொள்கின்றன. 'மலை ஏறினால் மைலேஜ் பாதியாகிவிடும்' என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அந்தப் பயத்தில் ஓரளவு உண்மையும் இருக்கிறது.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். குன்னூர் வழியாகப் போனால் 50 கிலோமீட்டர் பயணம்தான். ஆனால் அதற்குள் கார் 1,900 மீட்டர் உயரத்துக்குத் தன்னைத் தானே தூக்கிக்கொண்டாக வேண்டும். நான்கு பேரும் பெட்டிகளும் ஏறிய ஒரு சிறிய கார் 1,250 கிலோ எடை என்று வைத்துக்கொண்டால், அந்த எடையை மேலே தூக்க மட்டும் ஏறக்குறைய இரண்டரை லிட்டர் பெட்ரோல் தேவைப்படும். சமதளத்தில் ஓடுவதற்கான செலவு தனி.

ஏறுவதற்கு முன்பே மிச்சம்

அதனால்தான் சிக்கனம் மேட்டுப்பாளையத்திலேயே தொடங்குகிறது. டிக்கியில் கிடக்கும் ஒவ்வொரு 50 கிலோவுக்கும், ஊட்டி போய்ச் சேர்வதற்குள் ஏறக்குறைய 100 மில்லி பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். ஊட்டியிலும் தண்ணீர் கேன் கிடைக்கும். அரிசி மூட்டையைச் சுமந்து போக வேண்டியதில்லை. கூரைமேல் கட்டிய மூட்டைகள், சமவெளிச் சாலையில் காற்றைத் தடுத்து இன்னும் கொஞ்சம் பெட்ரோலைக் குடிக்கும்.

டயர் காற்றையும் கவனிக்க வேண்டும். காற்று குறைந்த டயர் தரையோடு ஒட்டிக்கொண்டு வண்டியை இழுக்கும். நெடுஞ்சாலையில் ஓடி வந்து டயர் சூடாக இருக்கும்போது அளந்தால், உண்மையைவிட அதிகமாகக் காட்டும். அன்று காலை புறப்படும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதே சரியான கணக்கு. எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் அச்சாகியிருக்கும். ஆள் நிறைய இருந்தால் எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கும்.

2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. அதை வீட்டிலேயே எடுத்துவிட்டால், செக்போஸ்ட்டில் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு செல்போனைத் தடவும் வேலை மிச்சம்.

கல்லாறு முதல் குன்னூர் வரை

கல்லாறு தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. மலை ரயிலும் இங்கிருந்துதான் பல்சக்கரத் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. 12 அடி நடந்தால் ஓர் அடி உயரும் சரிவு அது. அந்த ரயில் அவசரப்படுவதே இல்லை. 46 கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது.

காருக்கும் அந்த நிதானம் பொருந்தும். வளைவுக்கு வளைவு ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதும், உடனே பிரேக் அடிப்பதும் பெட்ரோலைக் கொட்டும் வழி. சீரான வேகத்தில், எஞ்சின் முனகாத கியரில் ஏறுவது நல்லது. பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று மூன்றாவது கியரிலேயே இழுத்தால், எஞ்சின் திணறி, கடைசியில் இன்னும் அழுத்தி மிதிக்க வேண்டிவரும். கொண்டை ஊசி வளைவுக்குள் நுழையும் முன்பே கியரைக் குறைத்துக்கொள்வதுதான் மலை ஓட்டுநர்களின் பழக்கம்.

குறுகலான இடத்தில் ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குபவர் ஒதுங்கி நிற்க வேண்டும். இது சாலை விதி. சரிவில் நின்ற வண்டியை மறுபடி கிளப்புவதற்கு எவ்வளவு எரிபொருள் செலவாகும் என்பது ஏறுபவருக்குத்தான் தெரியும்.

பர்லியாற்றில் பழக் கடைகள் வரும். மங்குஸ்தான் சீசன் என்றால் வண்டிகள் நிற்காமல் போகாது. இங்கிருந்து மேலே காற்று குளிரத் தொடங்கும். ஏ.சி.யை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினால் எஞ்சினுக்குப் பாரம் குறையும். யூகலிப்டஸ் வாசம் இலவசம். குன்னூர் நெரிசலில் அரை நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டியிருந்தால் எஞ்சினை அணைத்துவிடலாம்.

இறங்கும்போதுதான் ஆபத்து

சீசனில், ஏறும் வண்டிகள் குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகள் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடப்படுவது வழக்கம். கோத்தகிரியிலிருந்து குஞ்சப்பனை வழியாகச் சாலை சரசரவென்று இறங்கும்போது பலருக்கும் ஓர் ஆசை வருகிறது: 'நியூட்ரலில் போட்டுவிட்டால் மேட்டுப்பாளையம் வரை பெட்ரோலே செலவாகாதே!'

இது அம்பாஸடர் காலத்துப் பழக்கம். கார்ப்யூரேட்டர் இருந்த அந்த வண்டிகளில், கியரில் இறங்கினாலும் எஞ்சின் கொஞ்சம் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இன்றைய வண்டிகள் அப்படியல்ல. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை முழுவதும் எடுத்துவிட்டால், கணினி எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலையே நிறுத்திவிடும். சக்கரங்கள்தான் எஞ்சினைச் சுழற்றுகின்றன. நியூட்ரலில் போட்டால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். எஞ்சின் அணையாமல் இருக்க வேண்டும் என்பதற்காகக் கணினி மறுபடி பெட்ரோலைத் தெளிக்கத் தொடங்கும். ஆக, நியூட்ரலில் இறங்குபவர்தான் அதிகம் செலவழிக்கிறார்.

செலவு மட்டுமென்றால் பரவாயில்லை. இரண்டரை லிட்டர் பெட்ரோலைச் செலவழித்து மேலே ஏற்றிய அதே எடை, இறங்கும்போது அந்தச் சக்தியைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். முழுவதையும் பிரேக்கிலேயே கரைத்தால், அந்த வெப்பம் சுமார் 80 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். இவ்வளவையும் நான்கு சக்கரங்களின் பிரேக் தாங்க வேண்டும். முதலில் கருகும் வாடை வரும். பிறகு பெடல் மெத்தென்று உள்ளே போகும், வண்டி நிற்காது.

எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குவது இன்னும் மோசம். பவர் ஸ்டியரிங் கல்லாகிவிடும். இரண்டு மூன்று முறை மிதித்ததும் பிரேக் பெடலும் இறுகிவிடும். சாவியை உருவினால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளக்கூடும்.

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலையில் இந்தப் பாடம் கடுமையாகவே எழுதப்பட்டிருக்கிறது. கூடலூர் வழியைவிடத் தூரம் பாதிதான். ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள், செங்குத்தான சரிவு. தூரமும் எரிபொருளும் மிச்சம் என்று இறங்கிய வெளியூர் வண்டிகள் பள்ளத்தில் விழுந்து உயிர்கள் போயிருக்கின்றன. அதனால்தான் வெளியூர் வாகனங்கள் இந்த வழியில் இறங்கக் கட்டுப்பாடுகள் வந்தன.

மலையில் பொதுவான கணக்கு ஒன்று உண்டு: ஏறிய கியரிலேயே இறங்கு. இரண்டாவது கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து வைக்கும். பிரேக்கை அவ்வப்போது தொட்டால் போதும். ஆட்டோமேட்டிக் வண்டியில் 'எல்' அல்லது மேனுவல் நிலையை வைத்துக்கொள்ளலாம். பிரேக் வாடை வந்தால், அகலமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுவதுதான் மருந்து. சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

நம்பாதவர்களுக்குச் சாட்சி வண்டியிலேயே இருக்கிறது. அந்த நிமிடத்து மைலேஜைக் காட்டும் திரை உள்ள காரில், குஞ்சப்பனைச் சரிவில் இரண்டாவது கியரில் காலை எடுத்ததும் முள்ளோ எண்ணோ உச்சத்தில் போய் நின்றுவிடும். அதைப் பார்த்துச் சொல்லும் வேலையைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் விட்டுவிடலாம். ஓட்டுபவரின் கண் அடுத்த வளைவில் இருக்கட்டும்.