வெட்டிய பத்தி

தாஜ்மகால் பற்றிய கட்டுரை ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் மொழிபெயர்த்தேன். 'ஆசிட் ரெயின்' வந்த இடத்தில் பாடநூல் சொல்லான 'அமில மழை'யைப் போட்டேன். பிறகு ஒரு குளிர்காலத்தில் ஆக்ரா போனபோதுதான் அந்தச் சொல் போதாது என்று உறைத்தது. மழையே வேண்டாம். நிலக்கரிப் புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடுக்குப் பனி ஈரம் போதும், அமிலமாகிவிடும். பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் ஜிப்சமாகி உதிரும். மேலே படியும் மஞ்சளைத் தொல்லியல் துறையினர் முல்தானி மட்டி பூசிக் கழுவுகிறார்கள். அரித்துப்போன கல் திரும்பாது.

எம்.சி. மேத்தா 1984இல் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 292 ஆலைகள் நிலக்கரியை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும். இல்லையேல் இடம்பெயர வேண்டும். தொழிலாளர்களுக்கான ஊதியம், இழப்பீடு பற்றியும் அதே தீர்ப்பு விவரமாகப் பேசுகிறது.

ஆக்ரா டீக்கடையில் பக்கத்தில் இருந்த பெரியவர், வார்ப்படப் பட்டறையில் இரும்பு உருக்கியவர். நான் பத்திரிகைக்காரன் என்றதும் இந்தியில் கேட்டார்: "தாஜைக் காப்பாத்தினது சரிதான் பேட்டா. எங்க வீட்டு அடுப்பும் அணைஞ்சுது. அதை யாராவது எழுதினாங்களா?"

எழுதியிருந்தார்கள். அந்தக் கட்டுரையின் கடைசிப் பத்தியே அதுதான். பக்கத்தில் இடமில்லை என்று வெட்டியவன் நான். அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. டீக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு எழுந்துவந்தேன்.