இனிப்பும் சேட்டையும்

இனிப்பு தின்ற பிள்ளைக்குக் கால் தரையில் பாவாது என்பது அமெரிக்கப் பெற்றோர் பலரிடம் நெடுங்காலமாக வேரூன்றிய நம்பிக்கை. ஆனால் பிள்ளைகள் அளவுக்கு மீறி இனிப்புத் தின்பது பெரும்பாலும் பிறந்தநாள் விழாக்களிலும் பண்டிகை நாள்களிலும்தான். கூட்டமும் கூச்சலும் தூக்கம் கெட்ட இரவும் அங்கே சேர்ந்தே இருப்பதால், சேட்டைக்குக் காரணம் கேக்கா கொண்டாட்டமா என்பதைக் கண்ணால் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது.

இச்சிக்கலைப் பிரித்தறிய ஆய்வாளர்கள் கையாளும் வழி இரட்டை மறைப்புச் சோதனை. அதாவது, யாருக்கு எது தரப்பட்டது என்பது உண்பவருக்கும் தெரியாது, அவர் நடத்தையை மதிப்பிடுபவருக்கும் தெரியாது. மார்க் வோல்ரைச் குழுவினர் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டில் இருந்த உணவுப்பொருள்களை அகற்றிவிட்டு, குடும்பம் முழுவதற்கும் வேண்டிய உணவைத் தாங்களே வழங்கினர். மும்மூன்று வாரம் சர்க்கரை, அஸ்பார்டேம், சாக்கரின் என இனிப்பூட்டி மட்டும் மாறியது. சர்க்கரை ஒத்துக்கொள்ளாது என்று பெற்றோர் கருதிய பிள்ளைகளிடம், 39 அளவீடுகளில் ஒன்றில்கூடக் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

அப்படியானால் பெற்றோர் கண்டது என்ன? அதே ஆண்டில் டேனியல் ஹூவரும் ரிச்சர்ட் மிலிச்சும் வெளியிட்ட சோதனை இதற்கு விடை தருகிறது. ஐந்து முதல் ஏழு வயதுக்குட்பட்ட சிறுவர் அனைவருக்கும் சர்க்கரையற்ற பானமே தரப்பட்டிருந்தும், தாய்மாருள் ஒரு பகுதியினரிடம் மட்டும் பிள்ளை சர்க்கரை கலந்த பானம் குடித்திருக்கிறான் என்று சொல்லப்பட்டது. அதை நம்பிய தாய்மார் தம் மகன் மிகுதியாகத் துள்ளுவதாக மதிப்பிட்டதோடு, அவனை விட்டு விலகாமல் கூடவே இருந்து, கூர்ந்து கவனித்து, அடிக்கடி குறையும் கூறினர். எதிர்பார்ப்பு பார்வையை மட்டுமின்றிப் பார்ப்பவரின் நடத்தையையும் மாற்றிவிடுகிறது என்பதே இதன் சாரம்.

எனினும், உணவுக்கும் நடத்தைக்கும் தொடர்பே இல்லை என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அவசரமாகும். 2007-இல் பிரிட்டனின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தார் மூன்று வயதினருக்கும் எட்டு, ஒன்பது வயதினருக்கும் பழச்சாறு கொடுத்துச் செய்த ஆய்விலும் இதே மறைப்பு முறைதான் பின்பற்றப்பட்டது. ஆனால், டார்ட்ரசீன் போன்ற செயற்கை நிறமிகளும் கெடாமல் காக்கும் சோடியம் பென்சோவேட்டும் கலந்த சாற்றைப் பருகியவர்களிடம் துறுதுறுப்புச் சிறிதளவு கூடியதாக அந்த ஆய்வு கண்டது. விளைவு சிறிது, எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே அளவாகவும் இல்லை. ஆயினும் 2010 முதல் இத்தகைய ஆறு நிறமிகளைக் கொண்ட உணவுகளின் உறையில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது.

சர்க்கரையைக் குற்றத்திலிருந்து விடுவித்ததும், நிறமியின் மீது ஐயத்தை நிறுத்தியதும் ஒரே முறையே. உணவைப் பற்றிய பேச்சில் அனுபவம் கேள்வியை எழுப்பலாம். தீர்ப்பை அதனிடமே விட்டுவிட்டால், தட்டில் இருப்பது எது, மனத்தில் இருப்பது எது என்பது கடைசிவரை பிரிபடாமலே போகும்.