மாயக் கதைகள் பிறந்த ஊர்

ஆக்ஸ்ஃபோர்டு என்றாலே நமக்குப் பெரிய படிப்புதான் ஞாபகம் வரும். நான் அங்கே போனது கதைக்காக! வசதியான செருப்பும் ஒரு குடையும் இருந்தால் போதும், ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம்.

முதலில் ஃபாலி பாலம். 1862 ஜூலை 4 அன்று, கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் கணக்கு ஆசிரியர் சார்ல்ஸ் டாட்ஸன், ஒரு நண்பரோடும் கல்லூரித் தலைவரின் மூன்று பெண்களோடும் இங்கிருந்துதான் படகில் கிளம்பினார். போகிற வழியில், முயல் வளைக்குள் விழுந்த சிறுமியின் கதையைச் சொன்னார். அந்த மூவரில் ஆலிஸுக்கு அப்போது வயது 10. "எழுதிக் கொடுங்க" என்று அவள் விடாமல் கேட்டாளாம். 1865-ல் லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில் அது புத்தகமாயிற்று.

பாலத்திலிருந்து கல்லூரியைத் தாண்டி நடந்தால் செயின்ட் மேரி தேவாலயத்தின் பக்கத்துச் சந்து. ஒரு பழைய கதவில் சிங்கம் போன்ற முகம், கதவின் இருபுறமும் ஆட்டுக்கால் மனிதர்கள், கிட்டத்திலேயே தெருவிளக்கு. சி.எஸ். லூயிஸின் நார்னியா இங்கேதான் உதித்தது என்று ஊரார் சொல்கிறார்கள். உண்மையோ என்னவோ, பார்க்க அப்படித்தான் இருக்கிறது! மர பீரோவுக்குள் நுழைந்து பனிநாட்டுக்குப் போகும் அந்தக் கதை 1950-ல் வந்தது. அதை லூயிஸ் தம் ஞானமகள் லூசிக்குக் காணிக்கையாக்கினார். புத்தகம் வருவதற்குள் அவள் வளர்ந்துவிட்டாள். ஆனாலும் இன்னும் வயதானால் மறுபடி இப்படிக் கதைகள் தேடுவாள் என்பது அவர் நம்பிக்கை.

லூயிஸின் சிநேகிதர் டோல்கீனும் இவ்வூர்ப் பேராசிரியர்தான். தம் பிள்ளைகளுக்குச் சொன்ன 'ஹாபிட்' கதையை 1937-ல் வெளியிட்டார். வாசகர்கள் இன்னும் வேண்டுமென்று கேட்கப்போய், 1954-55-ல் பெரியவர்களுக்கான 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்று பாகங்களாக வந்தது.

கவனித்தீர்களா? பெரிய மாயக் கதைக்கு வாசற்படியே குழந்தைப் புத்தகம்தான். "எனக்கு இதெல்லாம் தலையும் புரியாது, வாலும் புரியாது" என்று ஒதுங்கும் சகோதரிகள், தடித்த புத்தகத்தில் ஆரம்பிக்காதீர்கள். ஆலிஸில் 12 அத்தியாயங்கள். இரவுக்கு ஒன்றாகக் குழந்தைக்கு வாசியுங்கள். எட்டு வயதில் நார்னியா. மொத்தம் ஏழு புத்தகங்கள். முதல் கதையில் சிங்கம் சாகும் இடத்தில் மட்டும் குழந்தையைத் தனியே விடாதீர்கள். பத்து வயதில் ஹாபிட்.

அதற்குள் குழந்தை தானே படிக்கத் தொடங்கியிருக்கும். கல்யாணத்தோடு புத்தகத்தை மூடிவைத்த அம்மாவும்தான்!