பொருளடக்கத்தில் ஒரு பென்சில்

போன மாதம் ஓர் இதழிலிருந்து அழைத்தார்கள். துப்பறியும் சிறுகதைகளின் தொகுப்பு ஒன்று வந்திருக்கிறது, 22 பேர் எழுதியிருக்கிறார்கள், 600 சொற்களில் மதிப்புரை வேண்டும் என்றார்கள். புத்தகம் கூரியரில் வந்தது. உறையைப் பிரித்ததும் வழக்கம்போல பொருளடக்கத்தைத் திறந்து பென்சிலால் எண்ணினேன். பெண் பெயர்கள் 5. அதில் ஒன்றின்மேல் சந்தேகம் வந்து தொகுப்பாசிரியருக்கு போன் செய்தேன். "அது அவரோட மனைவி பேரு மேடம்" என்றார் சிரித்துக்கொண்டே. 5 என்பதை அடித்துவிட்டு 4 என்று எழுதினேன்.

இப்படி எண்ணுவது என் மாணவிகளுக்குத் தெரியும். கேலியும் செய்வார்கள். ஆனால் இந்தப் பழக்கம் எனக்குக் கொள்கையால் வந்ததில்லை. ஒரு அவமானத்தால் வந்தது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. முனைவர் பட்டம் முடித்து வேலையில் சேர்ந்த புதிது. முதல் கவிதைத் தொகுப்பு வந்திருந்தது. சிற்றிதழ்காரர்கள் மதிப்புரை கேட்கத் தொடங்கியிருந்தார்கள், அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. அப்படி வந்ததுதான் பேய், மர்மம், அறிவியல் புனைகதை எல்லாம் கலந்த 19 கதைகளின் தொகுப்பு. இத்தகைய கதைகள்மேல் தமிழ் படித்த எங்களுக்கு ஒரு இளக்காரம் உண்டு. டீக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கவிடுகிற மாத நாவல் வகையறா என்ற நினைப்பு. கல்லூரிக்குப் போகிற பேருந்தில் இரண்டு நாளில் புரட்டி முடித்தேன்.

தொகுப்புக்கு மதிப்புரை எழுத ஒரு வாய்பாடு இருக்கிறது. தெரிந்த பெயர்களில் மூன்றை எடுத்துக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். நடுவில் ஒரு மேலைநாட்டுப் பெயரைப் போட வேண்டும். எழுத்துப்பிழைகளைப் பற்றி ஒரு வரி, 'தேர்வில் இன்னும் கறாராக இருந்திருக்கலாம்' என்று ஒரு வரி. நானும் அப்படியே எழுதினேன். கடைசிப் பத்தியில், பெண் எழுத்தாளர்கள் மூவரின் கதைகளும் இடம்பெற்றிருப்பது பாராட்டத்தக்கது என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்தேன். மூவரின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. பெண்ணியக் கடமையைச் செய்துவிட்டதாகவே அன்றைக்கு நினைத்தேன்.

அடுத்த ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் ஒரு பெண் என்னிடம் வந்தார். ஒரு கையில் புத்தகப் பை, மறு கையில் சிறுவன். "மேடம், ஒண்ணு கேக்கலாமா? அந்தத் தொகுப்புல என் கதையை நீங்க படிச்சீங்களா?"

"படிச்சேனே, நல்லா இருந்துச்சு" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "நான் எந்தக் கதை எழுதினேன்னு இன்னும் சொல்லவே இல்லையே மேடம்."

குரலில் கோபம் எதுவும் இல்லை. கதையின் தலைப்பைச் சொல்லிவிட்டு, பையன் இழுத்த பக்கம் போய்விட்டார். அன்று இரவு அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். ஒன்பது பக்கம்தான். மாமியாரின் திதிக்குச் சமைக்கிற மருமகள் ஒருத்தி. அம்மாவுக்கு உளுந்து வடை பிடிக்கும், பால் பாயசம் பிடிக்கும் என்று மகன்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அவள் எல்லாவற்றையும் செய்து படைக்கிறாள். நள்ளிரவில் அடுக்களையில் சத்தம் கேட்கிறது. மாமியார் உட்கார்ந்து பானையின் அடியில் ஒட்டியிருக்கும் காந்தல் சோற்றைச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். படையல் இலையை அவள் தொடவே இல்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைத் தின்றே பழகியவள். தனக்கு எது பிடிக்கும் என்று அவளுக்கே தெரியாது. மறுநாள் விடியலில், வீடு எழுவதற்கு முன், மருமகள் ஒரு படி அரிசி வடித்து, ஆவி பறக்கப் போட்டு, இரண்டு தட்டு எடுத்து வைக்கிறாள்.

பேருந்தில் புரட்டியபோது, யாரையும் பயமுறுத்தாத இந்தப் பேயைத் தோற்றுப்போன பேய்க்கதை என்று தள்ளியிருக்கிறேன். பேய்க்கதையின் இலக்கணத்தை அவர் என்னைவிட நன்றாக அறிந்திருந்தார். முடியாத காரியம் ஒன்று இருந்தால்தான் பேய் திரும்பி வரும். இந்தப் பேய்க்கு முடியாமல் இருந்த காரியம் ஒரு வேளைச் சுடுசோறு.

அதன் பிறகுதான் எண்ணத் தொடங்கினேன். முதலில் எண்ணியது நான் வகுப்பில் நடத்துகிற நூல்களை. தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் பழைய இலக்கியமே தொகைகளாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. எட்டுத்தொகையைத் தனித்தனிப் புலவர்களின் பாடல்களாகப் பாடம் நடத்திப் பழகிய எனக்கு, தொகுத்தவர் என்றொருவர் இருந்தார், சேர்ப்பதும் விடுவதும் அவர் கையில் இருந்தது என்பது உறைக்கவே நாளாயிற்று. ஐங்குறுநூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மருதத்துக்கு ஓரம்போகியார், நெய்தலுக்கு அம்மூவனார், குறிஞ்சிக்குக் கபிலர், பாலைக்கு ஓதலாந்தையார், முல்லைக்குப் பேயனார் என்று ஆளுக்கு நூறு பாடல். தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். ஐந்து பேர் சேர்ந்து செய்த ஒரே நூல் என்றே இதைச் சொல்லலாம். ஐவரும் ஆண்கள். பாடல்களுக்குள்ளே பேசுகிறவர்களோ பெரும்பாலும் தலைவி, தோழி, செவிலி. வெள்ளிவீதியாரும் ஔவையாரும் வேறு தொகைகளில் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பெண்ணின் குரலில் பேசுவது ஒரு கவிதை மரபு என்று பல ஆண்டுகள் விளக்கியவள் நான். இன்றைக்கும் அதை அழகான மரபு என்றே நினைக்கிறேன். எண்ணும்போது மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது.

மனைவி பெயரில் எழுதுகிற அந்தத் துப்பறியும் கதைக்காரருக்கும் முன்னோடிகள் உண்டு. ரங்கராஜன் என்ற பொறியாளர் மனைவியின் பெயரை வைத்துக்கொண்டு சுஜாதா ஆனார். ஸ்ரீவேணுகோபாலன் புஷ்பா தங்கதுரை ஆனார். சுபா என்பது சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரண்டு நண்பர்கள். இருவர் பெயரின் முதலெழுத்துகளும் சேர்ந்து ஒரு பெண் பெயராகிவிட்டது. 2008இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம், ப்ரீதம் சக்ரவர்த்தியின் மொழிபெயர்ப்பில், தமிழ் மாத நாவல் உலகத்தை ஆங்கிலத்தில் ஒரு தொகுப்பாகக் கொண்டுவந்தது. அதன் பெயர்ப்பட்டியலை விவரம் தெரியாத ஒருவர் பார்த்தால், ரமணிசந்திரன், வித்யா சுப்ரமணியம் ஆகியோருடன் புஷ்பாவையும் சுபாவையும் சேர்த்துப் பெண்கள் என்று எண்ணிவிடுவார். இவர்கள் யாரையும் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சுபாவின் வேகம் எனக்கு இன்றும் பிடிக்கும். இரண்டு ஆண்கள் தற்செயலாகக்கூட ஒரு பெண் பெயருக்குள் இவ்வளவு சௌகரியமாக உட்கார முடிகிறதே என்றுதான் யோசிக்கிறேன்.

ஏனென்றால் பெண்கள் சேர்ந்து எழுதிய இடங்களில் பெயர் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. அமெரிக்க அறிவியல் புனைகதையில் சி. எல். மூர் என்று ஒருவர். காதரின் லூசில் மூர் என்பது முழுப்பெயர். வங்கியில் வேலை பார்த்ததால், கதை எழுதுவது அங்கே தெரிய வேண்டாம் என்று முதலெழுத்துகளோடு நிறுத்திக்கொண்டார். ஹென்றி கட்னர் என்ற இளம் எழுத்தாளர், அவரை ஆண் என்று நினைத்து 'திரு. மூர்' என்று விளித்துப் பாராட்டுக் கடிதம் எழுதினார். 1940இல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். அதன் பிறகு எழுதியதில் பெரும்பகுதி கூட்டு எழுத்து. ஒருவர் தட்டச்சு செய்துகொண்டிருந்து எழுந்தால், மற்றவர் உட்கார்ந்து தொடர்வார். லூயிஸ் பேட்ஜெட், லாரன்ஸ் ஓ'டானல் என்று அவர்கள் வைத்துக்கொண்ட புனைபெயர்கள் ஆண் பெயர்கள். 1946இல் ஓ'டானல் பெயரில் வந்த ஒரு புகழ்பெற்ற குறுநாவல் பெரும்பாலும் மூர் எழுதியதே என்று இன்று கருதுகிறார்கள். 1958இல் கட்னர் இறந்த பிறகு மூர் சில காலம் தொலைக்காட்சிக்கு எழுதினார், மறுமணத்துக்குப் பிறகு எழுத்தையே விட்டுவிட்டார். அவர்கள் சந்தோஷமாகவே எழுதினார்கள் என்றுதான் தோன்றுகிறது. இருந்தாலும் நான் மதிப்புரைக்காரி. எது யார் எழுதியது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

நம் வை.மு. கோதைநாயகியிடம் போனால் மனம் கொஞ்சம் ஆறும். எழுதத் தெரியாத காலத்தில் அவர் தன் முதல் நாடகத்தை வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக்கொடுத்தார். சொன்னவர் பெயர் தெரிகிறது, எழுதிய கையின் பெயரும் தெரிகிறது.

தொகுப்பில் கதைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், ஒன்றையொன்று தொடாது. பலர் சேர்ந்து ஒரே கதையை எழுதும்போது அப்படி முடியாது. ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் கை வைக்க வேண்டும். இதில் எனக்குப் பிடித்த உதாரணம், லண்டன் துப்பறியும் எழுத்தாளர் சங்கம் 1931இல் வெளியிட்ட 'தி ஃப்ளோட்டிங் அட்மிரல்'. ஆற்றில் மிதக்கும் படகில் ஒரு கடற்படைத் தளபதியின் பிணம். ஆளுக்கொரு அத்தியாயம். அகதா கிறிஸ்டி, டோரதி சேயர்ஸ், கிளெமன்ஸ் டேன் ஆகியோர் இருக்கிறார்கள். கணவரோடு சேர்ந்து எழுதிய மார்கரெட் கோல் இருக்கிறார். கிறிஸ்டியின் அத்தியாயம் சின்னது, முழுக்கப் பேச்சு. சேயர்ஸ் நீட்டி எழுதியிருக்கிறார். கடைசி அத்தியாயம் எழுதிய ஆண்டனி பெர்க்லி, 'குழப்பத்தைக் கூட்டிப் பெருக்குதல்' என்பதுபோல் தலைப்பு வைத்திருக்கிறார். அவர் பாடு அப்படி. நாவலாகச் சுமார்தான். ஆனால் அவர்கள் வைத்துக்கொண்ட இரண்டு விதிகள் அருமை. ஒன்று, எழுதுகிற ஒவ்வொருவர் மனத்திலும் கொலையாளி யார் என்று ஒரு முடிவு இருக்க வேண்டும், அடுத்தவரைத் திணறடிப்பதற்காகச் சும்மா முடிச்சுப் போடக் கூடாது. இரண்டு, முன்னால் எழுதியவர் விட்டுச் சென்ற எதையும் கண்டுகொள்ளாமல் விடக் கூடாது, எல்லாவற்றுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். அவரவர் நினைத்திருந்த முடிவுகள் புத்தகத்தின் பின்னிணைப்பில் தனித்தனியாக இருக்கின்றன.

இந்த விதிகளோடு முதுகலை இரண்டாமாண்டு மாணவர்களிடம் ஒரு நீளநோட்டைக் கொடுத்தேன். 14 பேர், பெண்கள் 9. ஆளுக்கு இரண்டு பக்கம்.

நான்காவதாக எழுதிய மாணவி, கதையின் பெண்ணை இரவு பதினோரு மணிக்கு வீட்டைவிட்டு வெளியேற்றி, திருச்சி பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்காரவைத்திருந்தாள். யாரும் துரத்தவில்லை. காதலன் காத்திருக்கவில்லை. அவளுக்குப் போக வேண்டும் போலிருந்தது, போகிறாள். ஐந்தாவதாக எழுதிய மாணவன் முதல் வரியிலேயே அவளைப் பேருந்து நிலையக் கழிப்பறை பக்கத்தில் பிணமாகக் கிடத்திவிட்டான். வகுப்பில் வாசித்தபோது நான்காவது மாணவி எழுந்தாள். "அவள கொல்றதுக்கா மேம் நான் பஸ் ஏத்திவிட்டேன்?"

அவன் உண்மையிலேயே குழம்பிப்போனான். "கிரைம் கதைன்னா ஒரு பாடி வேணும்ல மேம்." கெட்ட பையன் இல்லை. படித்த கதைகளிலும் பார்த்த படங்களிலும் இரவில் தனியே போகிற பெண் அடுத்த காட்சியில் என்ன ஆவாள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்றாள் ஒருத்தி. இரண்டாவது விதிப்படி முடியாது என்றேன். ஆறாவது முறை, வகுப்பில் அதிகம் வாய் திறக்காத ஒரு பெண்ணுடையது. நோட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் மூன்று நாள் வைத்திருந்தாள். திரும்பி வந்தபோது பிணம் அப்படியே கிடந்தது. தோளில் நம் பெண்ணின் கைப்பை. ஆனால் காலில் எட்டாம் நம்பர் செருப்பு. முதல் அத்தியாயத்தில் யாரோ போகிற போக்கில் எழுதிய ஒரு வரியை அவள் எடுத்துக்கொண்டிருந்தாள்: நம் பெண்ணுக்குக் கால் சின்னது, சிறுவர் பிரிவில்தான் அவளுக்குச் செருப்புக் கிடைக்கும். ஆக, இறந்தது அவள் இல்லை. வகுப்பே கைதட்டியது. நான்காவது மாணவி அழுதேவிட்டாள்.

கைதட்டல் அடங்கியதும் பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள், "அப்ப செத்தது யாரு மேம்?"

யாரும் பதில் சொல்லவில்லை. நம் பெண்ணைக் காப்பாற்ற, பெயரில்லாத இன்னொருத்தியை அந்த இடத்தில் கிடத்தியிருந்தோம். ஏழாவது அத்தியாயம் எழுத வேண்டியவள் நோட்டை வாங்கிப்போனாள். பருவத்தேர்வு வந்தது, நோட்டு வெறுமையாகத் திரும்பி வந்தது. என் பீரோவில் இருக்கிறது. எட்டாம் நம்பர் செருப்புக்காரிக்கு நானும் இதுவரை ஒரு பெயர் வைக்கவில்லை.

22 பேர் தொகுப்பை ஒரு வாரம் வைத்துப் படித்தேன். எத்தனை கதைகளில் பிணம் பெண்ணுடையது என்றும் எண்ணினேன்: 13. நான்கு பெண்களின் பெயரையும் எழுதினேன். அதில் ஒரு கதை படுமோசம். காரணத்தோடு அப்படியே சொன்னேன். படித்துவிட்டுத் திட்டுவது, படிக்காமல் பாராட்டுவதைவிட எவ்வளவோ மேல் என்று அனுபவப்பட்டவள் ஆயிற்றே. 600 சொல் 1100 ஆகிவிட்டது. ஆசிரியர் பெருமூச்சு விட்டார், பிறகு 900-க்கு ஒப்புக்கொண்டார்.

மதிப்புரையை அனுப்பிய அன்று, அந்தப் பழைய தொகுப்பின் ஆசிரியரிடம் கேட்டு, திதிக் கதை எழுதியவரின் எண்ணை வாங்கினேன். கூப்பிடுவதற்கு இரண்டு நாள் ஆயிற்று. என்னை ஞாபகம் இருந்தது அவருக்கு. கதையைப் பற்றிச் சொன்னேன், காந்தல் சோறு, இரண்டு தட்டு, எல்லாம். குக்கர் சத்தம் கேட்டது. "இருங்க மேடம்" என்று போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். இப்போதும் எழுதுகிறாராம், எங்கும் கொடுப்பதில்லையாம். பையன் இன்ஜினியரிங் சேர்ந்துவிட்டான்.

"அந்தப் புக்கு என்கிட்ட இல்ல மேடம்" என்றார். "ஒரே ஒரு காப்பிதான் குடுத்தாங்க, நாத்தனார் வாங்கிட்டுப் போய்த் தொலைச்சிட்டாங்க. உங்ககிட்ட இருந்தா, அந்த ஒம்பது பக்கத்த மட்டும் ஜெராக்ஸ் எடுத்து அனுப்புவீங்களா?"

முகவரியை எழுதிக்கொண்டேன். பொருளடக்கப் பக்கத்தையும் சேர்த்து எடுக்கட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, அதையும் எடுங்க" என்றார்.