கொலுசைச் சொன்ன நாள்

நான் குடியை விட்டு 28 வருஷம் ஆகிறது. கூட்டத்துக்குப் புதிதாக வருகிற தம்பிகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அய்யா, எழுந்து நின்னு என்னத்தச் சொல்றது?"

நானும் அப்படித் தவித்தவன்தான். ஏ.ஏ. என்று நாங்கள் சொல்லும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தில் முதல் ஒரு வருஷம் நான் பேசியதெல்லாம் வீரக்கதை. எத்தனை குவார்ட்டர் தாங்கும், எந்தச் சாக்கடையோரம் விழுந்து கிடந்தேன், யார் சட்டையைப் பிடித்தேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே எனக்கு நாக்கு நமநமக்கும். அந்த வருஷத்திலேயே இரண்டு முறை மறுபடி குடித்தேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மகளின் வெள்ளிக் கொலுசைப் பற்றிச் சொன்னேன். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் காலிலிருந்து கழற்றி, அடகு வைத்துக் குடித்தேன். மறுநாள், விளையாடப் போய்த் தொலைத்துவிட்டாய் என்று அவளையே அடித்தேன். சொல்லி முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை, யாரும் திட்டவும் இல்லை. அடுத்து எழுந்தவர் தன் அம்மாவின் தோட்டைப் பற்றிச் சொன்னார்.

இந்தக் கூட்டங்கள் பிறந்ததும் இப்படி உள்ளதை உள்ளபடி சொன்னதில்தான். நியூயார்க் பங்குச்சந்தைக்காரர் பில் வில்சன் 1934 டிசம்பரில் குடியை விட்டார். மாதக்கணக்கில் மற்ற குடிகாரர்களுக்கு உபதேசம் செய்து பார்த்தார், ஒருவரும் விடவில்லை. 1935 மே மாதம் ஓஹியோவின் ஆக்ரன் ஊருக்கு வந்த தொழில் காரியம் தோற்றது. ஓட்டல் முன்கூடத்தில் தனியாக நின்றார், மதுக்கூடம் பக்கத்திலேயே இருந்தது. உள்ளே போகாமல் தொலைபேசியை எடுத்து, பேசுவதற்கு இன்னொரு குடிகாரரைத் தேடினார். அப்படிக் கிடைத்தவர் அறுவைசிகிச்சை மருத்துவர் பாப் ஸ்மித். கால் மணி நேரம் போதும் என்று வந்தவர், பல மணி நேரம் உட்கார்ந்து கேட்டார். ஏனென்றால் பில் அன்று புத்தி சொல்லவில்லை. குடி தன்னை என்ன செய்தது என்பதை மட்டும் சொன்னார். அதற்குப் பிறகும் பாப் ஒருமுறை வழுக்கினார், அதாவது மறுபடி குடித்தார். அவர் கடைசியாகக் குடித்ததாகச் சொல்லப்படும் 1935 ஜூன் 10தான் ஏ.ஏ. பிறந்த நாள்.

ஆகவே வழுக்கிவிட்டால் அதையே முதலில் சொல்லுங்கள். மனைவியின் வாய், மாமனார் செய்த அவமானம், முதலாளியின் கெடுபிடி இவையெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவற்றைப் பேசி முடித்தபின் குடிக்க ஒரு காரணம்தான் கையில் மிஞ்சும். நான் கண்டது அது. இன்னொருவர் பேசி உட்கார்ந்ததும் அவருக்கு யோசனை சொல்லக் கிளம்பாதீர்கள். பெரிய கதை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. "இன்னிக்குக் கடை வழியா வந்தேன், கால் தானா நின்னுச்சு, உள்ள போகாம வந்துட்டேன்" என்பதே முழுப் பகிர்வு. அங்கே கேட்டதை அங்கேயே விட்டுவிட்டு வருவதும் உங்கள் பொறுப்பு.

ஒன்று மட்டும்: வருஷக்கணக்காகத் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கமும் வலிப்பும் வரலாம். உயிருக்கே ஆபத்து. அதற்கு மருத்துவர்தான் வேண்டும், கூட்டம் போதாது.

கொலுசு விஷயத்தை மகளிடம் சொல்ல எனக்கு மேலும் நாலு வருஷம் பிடித்தது. கூட்டத்தில் வாய்விட்டுப் பழகியிராவிட்டால் அதுவும் நடந்திராது.

வருகிற சனிக்கிழமை வாருங்கள் தம்பி. பேச்சு வராவிட்டால் பெயரை மட்டும் சொல்லிவிட்டு உட்காருங்கள்.