முகம் திருப்பவிடாத படம்

26 ஜூலை 2017, ஓட்டப்பிடாரம்

நேற்று மதுரையில் இயக்குநர் திவ்யபாரதியைக் கைது செய்துவிட்டார்கள். ஜாமீன் கிடைத்துவிட்டது. 2009இல் மாணவியாக இருந்தபோது, பாம்பு கடித்து இறந்த விடுதி மாணவருக்கு நியாயம் கேட்டுப் போராடிய வழக்காம். எட்டு வருடமாகக் கிடந்ததை, கையால் மலம் அள்ளுவோரைப் பற்றி அவர் எடுத்த ‘கக்கூஸ்’ ஆவணப்படம் யூடியூபில் வெளியான மறு மாதம் தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள். இது படத்துக்குக் கொடுத்த தண்டனை என்றுதான் நான் நினைக்கிறேன்.

பிப்ரவரியில் படம் வெளிவந்ததிலிருந்தே போலீஸ் பல ஊர்களில் திரையிட விடவில்லை. மண்டபம் தருவதாகச் சொன்னவர்கள் கடைசி நேரத்தில் கைவிரித்தார்கள். நன்கொடையில் எடுத்த படம். தியேட்டரை நம்பி எடுத்ததும் அல்ல. 2015இல் மதுரையில் மலக்குழியில் இறங்கிய இரண்டு தொழிலாளிகள் செத்துப்போனதுதான் திவ்யபாரதியைக் கேமராவோடு கிளம்ப வைத்தது.

30 ஜூலை, ஞாயிறு

எங்கள் தெருச் சாக்கடை அள்ளும் அக்கா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கேட்டுவிட்டுத்தான் செல்போனில் படத்தைப் போட்டேன். ஒரு பெண் பொதுக் கழிப்பறையில் வெறுங்கையோடு மலத்தைக் கூட்டி அள்ளுகிற இடம். நான் முதல் தடவை பார்த்தபோது அங்கே கண்ணை எடுத்துவிட்டேன். கேமரா எடுக்கவில்லை, அங்கேயே நிற்கிறது. அக்காவும் எடுக்கவில்லை.

“அந்தப் பிள்ள வாரியலச் சாச்சுப் பிடிச்சிருக்கு தம்பி. அப்படிப் பிடிச்சா தண்ணி முழங்கை வரைக்கும் ஏறிரும். யாரும் சொல்லிக்குடுக்கல போல.”

எத்தனையோ பேர் படத்தைப் பற்றிப் பேசிக் கேட்டிருக்கிறேன். இந்தக் கண்ணோடு பார்த்தவர் ஒருவரும் இல்லை. கையுறை தருகிறார்களா என்று கேட்டேன். வருசத்துக்கு ஒருக்கா கொடுப்பார்களாம், பத்து நாளில் கிழிந்துபோகுமாம்.

6 ஆகஸ்ட்

திவ்யபாரதிக்கு ராத்திரி பகலாக ஆபாச வசவும் மிரட்டலுமாகப் போன் வருகிறதாம். ‘எங்கள் சாதியை இந்த வேலையோடு சேர்த்துக் காட்டிவிட்டாய்’ என்பதும் அந்தக் கோபத்தில் ஒன்று. ஆத்திரம் வேலையின் மேல் வரவில்லை, அதைக் காட்டியவள் மேல் வருகிறது. இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

சாயங்காலம் வ.உ.சி. நினைவில்லம் வழியாக வந்தேன். 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களுக்காக நின்றவர், அடுத்த சில நாட்களில் கைதானவர். அதைப் பெருமையோடு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஊர் இது. திவ்யபாரதியின் பெயரையும் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

கையால் மலம் அள்ள வைப்பதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொன்று. சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்கச் சொல்லி 2014இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. படத்தில் நாம் பார்ப்பதெல்லாம் இவை மூன்றும் வந்த பிறகு நடப்பவை. படம் எடுத்தவரைத் தேடிப்போன போலீஸ், மலம் அள்ள வைத்த எத்தனை அதிகாரிகள் மேல், காண்ட்ராக்டர்கள் மேல் வழக்குப் போட்டது என்பதை முதலில் சொல்லட்டும்.