விடாது கேட்கும் பெண்கள்

துப்பறியும் கதை என்றதும் முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. "கொலையும் களவும் குடும்பப் பெண்களுக்கு எதற்கு?" என்று என்னிடமும் பலர் கேட்டதுண்டு. ஆயினும் ஐம்பத்தெட்டு வயதிலும் அத்தகைய கதைகளை மகளுடன் அமர்ந்து பார்ப்பதில் எனக்குள்ள விருப்பம் குறையவில்லை. அதன் காரணத்தை வாசகச் சகோதரிகளிடம் சொல்ல விரும்புகிறேன்.

ஒரே பார்வையில் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடும் மேதைகளின் கதைகள் எனக்கு உவப்பானவை அல்ல. நான் நாடுவது காவல்துறையின் அன்றாடப் பணியைப் படிப்படியாகக் காட்டும் கதைகளை. அங்கே துப்பறிபவரும் சம்பளம் பெறும் ஊழியரே. கோப்புகளைப் புரட்ட வேண்டும். வீடு வீடாகச் சென்று விசாரிக்க வேண்டும். மேலதிகாரிக்கு விடை சொல்ல வேண்டும். அந்தப் பொறுப்பில் எவரும் எதிர்பாராத ஒரு பெண் வந்து அமரும்போது கதைக்குத் தனிச்சுவை பிறக்கிறது.

1991இல் பிரிட்டனில் ஒளிபரப்பான 'பிரைம் சஸ்பெக்ட்' தொடரின் நாயகி ஜேன் டெனிசன் அத்தகையவர். ஹெலன் மிரன் நடித்த பாத்திரம் அது. லண்டன் காவல்துறையில் உயர்பதவி வகித்த ஜாக்கி மால்ட்டன் என்ற பெண்மணியின் அனுபவங்களைக் கேட்டறிந்தே லிண்டா லா பிளாண்ட் அதனை எழுதினார். தகுதியிருந்தும் பெரிய வழக்குகள் டெனிசனுக்குத் தரப்படுவதில்லை. ஆண் அதிகாரி ஒருவர் மாரடைப்பால் இறந்த பின்னரே ஒரு கொலை வழக்கு அவர் கைக்கு வருகிறது. உடன் பணிபுரிவோர் முகங்கொடுத்துப் பேசவும் தயங்குகின்றனர். அவரோ கோப்பை முதலிலிருந்து படிக்கிறார். கொலையுண்ட பெண் வேறொருத்தி என்பதைக் கண்டறிகிறார். இறந்தவளுக்கு அவளுடைய சொந்தப் பெயரை மீட்டுக் கொடுப்பதே அவர் ஆற்றும் முதற்பணி!

இந்தக் காட்சிகள் என் நெஞ்சைத் தொட்டதற்குக் காரணம் உண்டு. என் கணவர் மறைந்த ஆண்டில் வாரிசுச் சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்திற்குப் பலமுறை நடந்தேன். நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அங்கிருந்தவர், உடன் வந்த என் பதினான்கு வயது மகனைப் பார்த்தே பதிலளித்தார். மூன்றாம் முறை மகன், "கேட்பது உம்மாதான், உம்மாவிடமே சொல்லுங்கள்" என்றான். அதன் பின்னரே அவர் என் முகம் பார்த்தார். கேட்டும் கேளாதவர்போல் இருப்பவர் முன்னே நிற்கும் பெண்ணின் நிலை எத்தகையது என்பதை அன்று அறிந்தேன். டெனிசன் மேசை முன் நின்று அசையாது கேட்கும்போது, எனக்காகவும் ஒருத்தி கேட்பதாகவே தோன்றுகிறது.

1996இல் வெளிவந்த 'ஃபார்கோ' என்ற அமெரிக்கப் படத்தில் வரும் மார்ஜ் வேறு விதமானவர். மின்னசோட்டா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் காவல்துறைத் தலைவி. ஏழு மாதக் கர்ப்பிணி. கொட்டிக்கிடக்கும் பனியில் குனிந்து காலடித் தடங்களை ஆராயும்போதே குமட்டல் வருகிறது. சற்று நின்றுவிட்டுப் பணியைத் தொடர்கிறார். காரின் எண்பலகை குறித்து உதவியாளர் தவறாக எண்ணும்போது, அவர் மனம் நோகாமல் சிரித்த முகத்துடன் திருத்துகிறார். அதட்டல் இல்லாமலும் அதிகாரம் செலுத்தலாம் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? இப்பாத்திரத்தில் நடித்த ஃபிரான்சஸ் மெக்டார்மண்ட் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றார்.

மூன்றாமவர், ஆன் கிளீவ்ஸ் 1999 முதல் எழுதிவரும் நாவல்களின் நாயகி வீரா. பழைய மழைக்கோட்டு, நைந்த தொப்பி, வயதான வண்டி. இங்கிலாந்தின் வடகோடியில், துயருற்ற வீடுகளில் அமர்ந்து பொறுமையாகப் பேச்சுக் கொடுப்பார். 2011இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரில் பிரெண்டா பிளெத்தின் இப்பாத்திரத்தை ஏற்றபோது அவருக்கு வயது 65. 2025இல் தொடர் நிறைவுற்றபோது 78! முதுமை எய்திய பெண்ணைச் சுற்றிப் பதினான்கு ஆண்டுகள் ஒரு தொடர் சுழன்றது என்பது எளிய செய்தியன்று.

இக்கதைகள் யாவும் பிள்ளைகளுடன் பார்க்கத் தக்கவை அல்ல. முதலிரண்டிலும் கொடூரக் காட்சிகளும் கொச்சைப் பேச்சும் உண்டு. பெரியவர்கள் அறிந்து தேர்ந்தெடுத்தல் நன்று.

தமிழில் 'கேட்டல்' என்ற சொல்லுக்கு வினவுதல், செவிமடுத்தல் என இரு பொருள்கள் உண்டு. இம்மூவரின் திறமையும் அந்த ஒரு சொல்லில் அடங்கும். விடாமல் வினவுகிறார்கள், குறுக்கிடாமல் செவிமடுக்கிறார்கள். பிள்ளையின் மௌனத்தைக் கண்டே மனக்குறையை அறியும் தாய்மார்களுக்கு இக்கலை புதிதன்று. அதனை வீட்டு வாசலுக்கு அப்பாலும் எடுத்துச் செல்லலாம் என்ற துணிவைத்தான் இக்கதைகள் எனக்குத் தருகின்றன.